எட்டு இல்லாத எண்

அரியலூரில் அறிவழகனைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவனுடைய எண்ணைத் தெரியாதவர்கள் குறைவு. டவுனுக்கு வெளியே ஒரு சிமெண்ட் ஆலையில், சுண்ணாம்புக்கல் ஏற்றி வரும் லாரிகளை எடைபோட்டு உள்ளே அனுப்புவது அவன் வேலை. பெரம்பலூரில் பி.எஸ்சி. கணக்குப் படித்தவன். அவ்வளவு படித்தும் எடைமேடைக் கண்ணாடிக் கூண்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டோமே என்ற வருத்தம் அவனுக்கு உள்ளூர உண்டு. அந்த வருத்தத்துக்கு மருந்தாக ஒரு எண்ணை வைத்திருந்தான்.

ஒரு கோடியே இருபத்து மூன்று லட்சத்து நாற்பத்தைந்தாயிரத்து அறுநூற்று எழுபத்தொன்பது. எழுதிப் பார்த்தால் 12345679. ஒன்றிலிருந்து ஒன்பது வரை வரிசையாக வருகிறது, நடுவில் எட்டு மட்டும் இல்லை.

நாலு பேர் கூடிவிட்டால் போதும், ஆரம்பித்துவிடுவான். “ஒண்ணுலேருந்து ஒம்போதுக்குள்ள உங்களுக்குப் பிடிச்ச நம்பர் ஒண்ணு சொல்லுங்க” என்பான். எதிரில் இருப்பவர் ஏழு என்று சொன்னால், செல்போனில் கால்குலேட்டரைத் திறந்து தன் எண்ணை அடிக்கச் சொல்லி, அறுபத்து மூன்றால் பெருக்கச் சொல்வான். திரை முழுக்க ஏழு ஏழாக வந்து நிற்கும். நாலு பிடித்தவர் முப்பத்தாறால் பெருக்கினால் திரை முழுக்க நாலு. பிடித்த எண்ணை மனதுக்குள் ஒன்பதால் பெருக்கி அந்த விடையை எடுத்துக் கொடுக்கிறான், சூட்சுமம் அவ்வளவுதான். ஆனால் பார்க்கிறவர்களுக்கு வாய் பிளந்துவிடும்.

அந்த எண்ணின் சேட்டை அதோடு நிற்காது. அதை இரண்டால் பெருக்கினால் 24691358. எந்த இலக்கமும் இரண்டு முறை வராது, ஏழு மட்டும் காணாமல் போயிருக்கும். நாலால் பெருக்கினால் ஐந்தைக் காணோம். ஐந்தால் பெருக்கினால் நாலைக் காணோம். எட்டால் பெருக்கினால் 98765432, ஒன்றைக் காணோம். இவற்றிலெல்லாம் பெருக்குகிற எண்ணையும் காணாமல் போகிற எண்ணையும் கூட்டினால் ஒன்பது. இதையெல்லாம் அறிவழகன் ஏதோ தானே பெற்று வளர்த்த பிள்ளையின் சமர்த்து என்பதுபோலச் சொல்லுவான். கல்லூரியில் யாரோ ஒரு சீனியர் கேன்டீனில் காட்டியதுதான் அது என்பதை எங்கேயும் சொன்னதில்லை.

எட்டு ஏன் இல்லை என்று யாராவது கேட்டால்? அது மட்டும் அவனுக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் தெரியாது. அதனால் ஜோக் அடிப்பான். “எட்டுக்கு இன்னைக்கு லீவுங்க” என்பான். “டீ குடிக்கப் போயிருக்கு, வந்துரும்” என்பான். கூட்டம் சிரிக்கும். சிரிப்பில் கேள்வி அமுங்கிப் போகும். இத்தனை வருஷம் அவன் பிழைத்தது அப்படித்தான்.

மகள் வெற்றிச்செல்விக்கு மூன்று வயது நடக்கும்போது காதுகுத்து வைத்தார்கள். அரியலூரிலேயே மண்டபம். குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும், தாய்மாமன் கொண்டுவரும் தோட்டைத்தான் போட வேண்டும். அறிவழகனின் மனைவி ஜோதிக்கு உடன்பிறப்பு என்று இருப்பது ஒரே அண்ணன், அரும்பாவூர் செல்லக்கண்ணு. வெங்காயம் போடுகிற விவசாயி. தங்கைக்காக எதையும் செய்கிற மனிதர். அறிவழகனை வாய் நிறைய “மாப்ள” என்று கூப்பிடுவார். படித்தவர் என்று மரியாதை வேறு.

செல்லக்கண்ணுவின் மகள் மேகலா, இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேறு சாதிப் பையன் ஒருவனைத் தானாகவே கல்யாணம் செய்துகொண்டு பெரம்பலூருக்குப் போய்விட்டாள். பையன் பெயர் ரஞ்சித்குமார், அங்கே செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறான். ஊர் வாய் சும்மா இருக்குமா? செல்லக்கண்ணு அதற்குப் பிறகு எந்த விசேஷத்துக்கும் போகவில்லை. டீக்கடைப் பக்கம்கூடப் போகவில்லை. அறிவழகனும் தன் பங்குக்கு, சோற்றில் கை வைத்துக்கொண்டே, “பொண்ணை வளக்கத் தெரியல உங்கண்ணனுக்கு” என்று சொல்லியிருக்கிறான். ஜோதி குழம்பு ஊற்றிவிட்டுப் போவாள்.

காதுகுத்து அன்று நல்ல நேரம் முடியப் போகிறது, தாய்மாமனைக் காணோம். சீர் கொண்டுவருகிறவர்கள் தெருமுனையில் வேனை நிறுத்தி, மேளம் கொட்டி, வெடி போட்டு, தாம்பாளங்களைத் தூக்கிக்கொண்டு ஊர்வலமாக வருவதுதான் வழக்கம். அறிவழகன் அந்த மேளச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தான். சத்தமே இல்லை. ஆசாரி ஊசியைத் துடைத்துத் துடைத்து வைக்கிறார். சனம் சாப்பாட்டுக் கூடத்தை எட்டிப் பார்க்கிறது. ஜோதி வாசலுக்கும் உள்ளேயுமாக நடந்துகொண்டிருந்தாள். மேடையில் மைக் சும்மா கிடந்தது. சும்மா கிடக்கிற மைக்கைப் பார்த்தால் அறிவழகனுக்குக் கை அரிக்கும்.

எடுத்தான். எண்ணை அவிழ்த்துவிட்டான். மண்டபமே செல்போனைக் கையில் எடுத்தது. ஒரு பக்கம் மூன்றாக வந்து நின்றது, ஒரு பக்கம் ஏழாக வந்து நின்றது. பெண்கள் பக்கத்தில்கூடக் கைதட்டல். அவனுக்குத் தலை கிறுகிறுத்துப் போயிற்று. அந்த நேரம் பார்த்து ஜெயப்பிரகாஷ் எழுந்தான். அதே ஆலையில் வேலை பார்க்கிறவன், முன் வரிசையில் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தான்.

“எல்லாஞ் சரி சார். எட்டு ஏன் இல்லன்னு சொல்லுங்க மொதல்ல.”

“எட்டு லீவுல போயிருக்குங்க” என்றான் அறிவழகன்.

“அது பழைய ஜோக்கு சார். கணக்குப் படிச்சவரு நீங்க. காரணத்தைச் சொல்லுங்க.”

மண்டபம் காத்திருந்தது. இத்தனை பேர் ஒரே நேரத்தில் அவன் பதிலுக்காகக் காத்திருந்தது அதுவே முதல் தடவை. அவன் மண்டைக்குள் ஒன்றுமே இல்லை. தெரியலைங்க என்று சொல்லிவிட்டு மைக்கை வைத்திருந்தால் யார் தலையை வாங்கியிருக்கப் போகிறார்கள்? ஆனால் கைதட்டல் வாங்கிய வாயால் அதைச் சொல்ல வரவில்லை. வேறு ஒன்று வந்தது.

“எட்டு ஓடிப்போச்சுங்க. வூட்டுல சொல்லாமக் கொள்ளாம ஓடிப்போச்சு. ஏன் ஓடுச்சு, யாரோட ஓடுச்சுன்னு என்னைக் கேட்டா எனக்கென்ன தெரியும்? எங்க மச்சான் வருவாரு, அவரைக் கேளுங்க. அந்த அனுபவம் அவருக்குத்தான் இருக்கு.”

குபீர் என்று சிரித்தார்கள். விஷயம் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குக் காதில் ஓதினார்கள், அவர்களும் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு வாசல் பக்கமிருந்து ஒவ்வொரு வரிசையாக அடங்கிக்கொண்டு வந்தது. அறிவழகன் நிமிர்ந்து பார்த்தான்.

வாசலில் செல்லக்கண்ணு நின்றுகொண்டிருந்தார். கையில் தாம்பாளம். அதில் பட்டுப்பாவாடை, தோட்டுப் பெட்டி, பழம், பூ. அவருக்குப் பின்னால் மேகலா. வயிறு லேசாக மேடிட்டிருந்தது, ஐந்தாம் மாசம். பக்கத்தில் பழக்கூடையைச் சுமந்துகொண்டு ரஞ்சித்குமார். மேளம் இல்லை, வெடி இல்லை. மகளை முதல்முதலாகச் சொந்தக்காரர்கள் மத்தியில் கூட்டிவருகிறோம், தெருவே திரும்பிப் பார்க்கும்படி வரவேண்டாம் என்று அந்த மனிதர் ஓசைப்படாமல் வந்திருக்கிறார்.

மேகலா தரையைப் பார்த்தாள். ரஞ்சித்குமார் கூடையைக் கீழே வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்தான். செல்லக்கண்ணு மட்டும் நேராக நடந்து மேடைக்கு வந்தார். தாம்பாளத்தை வைத்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மணையில் உட்கார்ந்தார்.

“நேரமாச்சுங்க. பாப்பாவைக் கொண்டாங்க” என்றார்.

எல்லாம் முறைப்படி நடந்தது. அவர் குழந்தையை மடியில் வைத்துத் தலையைத் தன் நெஞ்சோடு அணைத்துப் பிடித்தார். அது வீறிட்டு அழுதபோது வாயில் வெல்லம் வைத்தார். தோட்டைப் போட்டுவிட்டார். தங்கை மகளுக்குத் திருநீறு பூசினார். பிறகு எழுந்தார்.

“ண்ணே, சாப்பிட்டுட்டுப் போங்கண்ணே” என்றாள் ஜோதி.

“இல்லம்மா. பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

அவர்கள் வந்த வேன் மண்டப வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது. அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள். தாய்மாமன் கை நனைக்காமல் போகிறார் என்பது மண்டபம் முழுக்கப் புரிந்துவிட்டது. மேகலா போகும்போது அத்தையின் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். அறிவழகன் பக்கம் திரும்பவே இல்லை.

பந்தியில் அன்று அறிவழகன் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடி ஓடிப் பரிமாறினான். நின்றால் யாராவது முகத்தைப் பார்ப்பார்களே என்ற பயம். அவங்க வந்தது எனக்குத் தெரியாதே, மேளச் சத்தமே கேக்கலையே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அதையே இறுகப் பிடித்துக்கொண்டான்.

வீட்டில் ஜோதி சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் அவன் சமாளித்திருப்பான். நேரத்துக்குச் சோறு வைத்தாள், சட்டை துவைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு சாயங்காலம் அவனே பேச்செடுத்தான்.

“அவங்க வர்றது எனக்குத் தெரியாது ஜோதி. நீயாவது சொல்லிருக்கலாம்ல, மேகலாவும் வருதுன்னு.”

காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்தாள்.

“எத்தனை மாசமா அண்ணங்கிட்ட போன்ல பேசிப் பேசி அவளைக் கூட்டியாரச் சம்மதிக்க வச்சேன் தெரியுமா? உங்களுக்குத் தெரியாமத்தான் பேசுனேன். ஏன் சொல்லலன்னு கேளுங்க. சொன்னா நீங்க ஏதாவது சொல்லிச் சிரிப்பீங்க. அதுக்குப் பயந்துதான் சொல்லல.”

அவன் எழுந்து வெளியே போனான். சொந்தப் பெண்டாட்டி தன் நாக்குக்குப் பயந்து இத்தனை நாள் குடித்தனம் செய்திருக்கிறாள் என்பது அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வெட்கமாக இருந்தது. தெருவில் எதிரில் வந்தவர் வணக்கம் சொன்னார், தலையைக் குனிந்துகொண்டு கடந்துபோனான்.

ஆலையில் லாரி வராத நேரங்களில் அவன் சும்மா இருக்கமாட்டாமல் அந்த எட்டைத் தேட ஆரம்பித்தான். முன்பே தேடியிருக்க வேண்டியது. அவனுடைய எண்ணை எண்பத்தொன்றால் பெருக்கினால் முழுக்க ஒன்பதாக வரும் என்பது அவனுக்குத் தெரியும். அப்படியென்றால் ஒன்றை எண்பத்தொன்றால் வகுத்தால் என்ன வரும் என்று காகிதத்தில் போட்டுப் பார்த்தான். புள்ளிக்குப் பிறகு 012345679, மறுபடி 012345679, மறுபடியும் அதுவே. முடிவே இல்லாமல் அவன் எண் வந்துகொண்டே இருந்தது. ஏன் அப்படி என்று துருவித் துருவிப் பார்த்ததில் விஷயம் பிடிபட்டது. உண்மையில் அங்கே எல்லா எண்களும் வரிசையில் வருகின்றன. ஆளுக்கு ஒரு இடம். ஒன்பது வரைக்கும் தகராறு இல்லை. அடுத்தது பத்து. பத்துக்கு ஒரே இடத்தில் உட்கார முடியாது, தன்னிடமிருக்கும் ஒன்றை முன்னால் இருக்கும் ஒன்பதின் தலையில் ஏற்றுகிறது. ஒன்பது பத்தாகிவிடுகிறது, அதுவும் தன் ஒன்றை முன்னால் இருக்கும் எட்டின் தலையில் ஏற்றிவிடுகிறது. எட்டு ஒன்பதாகிறது. எட்டு எங்கேயும் போகவில்லை. பின்னால் வந்தவர்கள் ஏற்றிய சுமையில் ஒன்பதாக மாறி அங்கேயேதான் நிற்கிறது.

கண்டுபிடித்ததும் கூண்டுக்குள் எழுந்தே நின்றுவிட்டான். அவ்வளவு சந்தோஷம். யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று பரபரத்தது. அடுத்த நிமிஷமே தன் சந்தோஷத்தைப் பார்த்துத் தனக்கே அருவருப்பாக இருந்தது. ஒரு மதியப் பொழுதில் முடிகிற கணக்கு. இதற்கு இத்தனை வருஷம் சோம்பேறித்தனப்பட்டு, கடைசியில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணை மண்டபத்தில் நிறுத்தி வைத்து ஊரைச் சிரிக்க வைத்திருக்கிறான்.

அந்த வார லீவில் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினான். பெரம்பலூரில் இறங்கி அரும்பாவூர் பஸ் பிடித்தான். என்ன பேச வேண்டும் என்று வழி நெடுக மனதுக்குள் ஒத்திகை பார்த்தான். வெட்கம் மனிதனைச் சில நேரம் திருத்தும், பல நேரம் முட்டாளாக்கும். அறிவழகன் ஒத்திகை பார்த்ததில் பாதி கணக்கு.

செல்லக்கண்ணு தன் வெங்காயக் காட்டில், பட்டறை அருகே இருந்தார். பிடுங்கிய வெங்காயம் அழுகாமல் காற்றாட இருப்பதற்காகத் தட்டி கட்டி மேலே கூரை போட்ட நீளமான கட்டு அது. அவனைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார்.

“வாங்க மாப்ள. வெயில்ல வந்திருக்கீங்க. பாப்பாவுக்குக் காது ஆறிப்போச்சா?”

அந்த மரியாதையைக் கண்டதும் ஒத்திகை பார்த்ததெல்லாம் தலைகீழாக வந்தது.

“மச்சான், அந்த எட்டு ஓடிப்போகலைங்க. நான் கணக்குப் போட்டுப் பாத்துட்டேன். பத்து வருதில்லையா, அதுக்கு எடம் பத்தாது. அதனால ஒன்பது மேல ஏறி, ஒன்பது எட்டு மேல ஏறி, எட்டு…”

செல்லக்கண்ணு பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். “சரிங்க மாப்ள” என்றார். “நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்.”

அறிவழகன் பாதியில் நிறுத்தினான். தான் என்ன உளறிக்கொண்டிருக்கிறோம் என்று அவனுக்கே கேட்டது. மண்வெட்டி இருந்தால் அங்கேயே குழி தோண்டி இறங்கியிருப்பான்.

“மன்னிச்சிருங்க மச்சான்” என்றான். “நீங்க வந்தது தெரியாமப் பேசிட்டேன்.”

செல்லக்கண்ணு பட்டறைப் பக்கம் திரும்பினார். இரண்டு மூன்று அழுகல் வெங்காயத்தைப் பொறுக்கி வெளியே எறிந்தார்.

“எனக்கு ஒண்ணும் இல்லங்க மாப்ள. ஊரு பேசாததா? ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. அன்னைக்கு மேகலா வரமாட்டேன்னுதான் சொன்னா. ‘மாமா ஏதாச்சும் சொல்லிச் சிரிப்பாருப்பா, நான் வரல’ன்னா. ‘அவரு படிச்ச மனுசன், நம்மாளு, நம்மளப் போயி அப்படிச் சொல்லுவாரா’ன்னு நான்தான் சண்டை போட்டுக் கூட்டியாந்தேன்.”

அறிவழகன் பக்கத்தில் கிடந்த சாக்கு மூட்டையின்மேல் உட்கார்ந்துவிட்டான்.

“இப்ப என்னன்னா, வளைகாப்பு வேணாங்குறா” என்றார் செல்லக்கண்ணு. “ஏழாம் மாசம் நம்ம வூட்டுல வச்சுப் பண்ணணும், ஊர்ல எல்லாரையும் கூப்பிடணும்னு நானும் எம் பொண்டாட்டியும் ஆசப்பட்டோம். ‘மறுபடியும் நாலு பேரு முன்னாடி வந்து நிக்கமாட்டேன், நான் வந்தா உங்களுக்குத்தான் அசிங்கம்’ங்குறா. போன் பண்ணா ரெண்டு வார்த்தையில வச்சுடுறா. ஒரு தடவ போனவ, திரும்பி வந்தா. இப்ப மறுபடி போயிட்டா மாப்ள.” அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “வாங்க, சாப்பிட்டுட்டுப் போலாம்.”

அந்த வீட்டில் இலை போட்டுச் சோறு வைத்தார்கள். செல்லக்கண்ணுவின் மனைவி முகம் பார்க்காமல் பரிமாறினாலும் ரசம் வரைக்கும் குறையில்லாமல் பரிமாறினாள். தன் மண்டபத்தில் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் போனவர்கள் வீட்டில் அறிவழகன் சாப்பிட்டான். வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

திரும்பும் வழியில் பெரம்பலூரில் இறங்கி, பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் விசாரித்து ரஞ்சித்குமாரின் கடையைக் கண்டுபிடித்தான். ரஞ்சித்குமார் உள்ளே குனிந்து ஒரு செல்போனைப் பிரித்துக்கொண்டிருந்தான். கல்லாவில் மேகலா. அறிவழகனைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

“வாங்க மாமா. அத்தை வரலையா?”

“இல்லம்மா. நான் மட்டுந்தான்.” கடையில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று காத்திருக்கலாமா என்று நினைத்தான். அந்த நினைப்புக்கும் வெட்கப்பட்டு அப்படியே சொன்னான். “அன்னைக்கு நான் பேசினது ரொம்பத் தப்பு. நீ வந்து நிக்கிறது தெரியாமச் சொல்லிட்டேன். என்னை மன்னிச்சிரும்மா. வளைகாப்பு வேணாம்னு மட்டும் சொல்லாத. உங்கப்பா முகத்தைப் பாக்க முடியல.”

மேகலா கோபப்படவில்லை. யோசித்துத்தான் பேசினாள்.

“நான் வந்தது தெரியாமச் சொல்லிட்டீங்க. சரி மாமா. தெரிஞ்சிருந்தா என்ன பண்ணிருப்பீங்க? நாங்க சாப்பிட்டுக் கெளம்புனதுக்கு அப்புறம் சொல்லிருப்பீங்க. அவ்ளோதானே?”

இத்தனை நாளும் பிடித்துக்கொண்டிருந்த ஒரே கொம்பு கையோடு வந்துவிட்டது. இல்லை என்று சொல்ல அறிவழகன் வாயைத் திறந்தான். சோற்றில் கை வைத்துக்கொண்டே தான் சொன்னதெல்லாம் நினைவுக்கு வந்தது.

“ஆமாம்மா” என்றான். “அப்படித்தான் பண்ணிருப்பேன்.”

உள்ளே ரஞ்சித்குமாரின் கை நின்றது. மேகலா அறிவழகனை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது.

“அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன். வளைகாப்பு அங்கேயே வச்சுக்கலாம். அத்தைதான் எனக்கு மொத வளையல் போடணும், அவங்களையும் பாப்பாவையும் அனுப்பிவிடுங்க.” அவள் சற்று நிறுத்தினாள். “நீங்க வரவேணாம் மாமா. நீங்க அங்க இருந்தா எனக்குப் பயமா இருக்கும். யாரு சிரிச்சாலும் என்னைத்தான்னு தோணும்.”

“சரிம்மா” என்று சொல்லிவிட்டு வந்தான்.

ஜோதியிடம் ஒன்றையும் மறைக்கவில்லை. அரும்பாவூரில் கணக்குச் சொன்னதிலிருந்து கடையில் ஆமாம் என்று சொன்னதுவரை எல்லாவற்றையும் சொன்னான். தன்னை வரவேண்டாம் என்றதையும் சொன்னான். கடைசியில் ஜோதி, “அவ சொன்னது சரிதாங்க” என்று மட்டும் சொன்னாள்.

வளைகாப்பு நாளன்று காலையில் அரியலூர் பஸ் ஸ்டாண்டில் பெரம்பலூர் பஸ்ஸில் இருவரையும் ஏற்றிவிட்டான். ஜோதி பட்டுப்புடவை உடுத்தியிருந்தாள். வளையல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, குழந்தையை ஜன்னல் பக்கம் நிறுத்திக்கொண்டாள். பஸ் கிளம்ப நேரம் இருந்தது. அறிவழகன் ஜன்னலுக்குக் கீழே நின்றான். டீக்கடையில் நின்றிருந்த ஜெயப்பிரகாஷ் டம்ளரோடு அவனிடம் வந்தான். அவனோடு ஆலை ஆட்கள் சிலரும் இருந்தார்கள். அன்றைக்கு மண்டபத்தில் இருந்தவர்கள்தான்.

“என்ன சார், பட்டுப்புடவையெல்லாம் தூள் பறக்குது? மச்சான் வூட்டு விசேஷமா? நீங்க போகலையா?”

ஜோக் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ‘ஒருநாள் விடுதலை சார், அனுபவிக்க விடுங்க’ என்று சொன்னால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். அறிவழகன் அதை விழுங்கினான்.

“என்னை வரவேணாம்னு சொல்லிட்டாங்க சார். அன்னைக்கு மைக்குல நான் பேசுன பேச்சு அப்படி.”

ஜெயப்பிரகாஷ் சிரித்தான். மற்றவர்களும் சிரித்தார்கள். “சார் வாயத் தொறந்தாலே ஜோக்குதான்யா” என்று சொல்லி ஒருவன் அவன் தோளில் தட்டினான். அறிவழகன் திகைத்துப்போனான். வாழ்நாளில் முதல் தடவையாக ஆலை ஆட்கள் முன்னால் உள்ளதை உள்ளபடி சொல்கிறான், அதற்கும் சிரிக்கிறார்கள். அப்படித்தான் அவர்களைப் பழக்கி வைத்திருக்கிறான்.

“சிரிக்காதீங்க சார், நெசமாத்தான் சொல்றேன்” என்றான். குரல் அவனை மீறி உயர்ந்துவிட்டது. பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். “நீங்க கேட்ட கேள்விக்கு அன்னைக்கு எனக்குப் பதில் தெரியல. தெரியலன்னு சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு எங்க மச்சான் பொண்ணை அத்தனை பேரு முன்னாடி அசிங்கப்படுத்துனேன். மாசமா இருந்த புள்ளை அது. அதுக்குத்தான் வளைகாப்பு. நான் வந்தா அதுக்குப் பயமா இருக்குமாம்.”

யாரும் சிரிக்கவில்லை. ஜெயப்பிரகாஷ் டம்ளரைப் பார்த்தான். “நாங்களும் சிரிச்சோமே சார்” என்று முணுமுணுத்தான்.

கண்டக்டர் விசில் ஊதினார். ஜோதி ஜன்னலில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். பஸ் நகரும்போது குழந்தையின் கையைப் பிடித்து அவன் பக்கம் ஆட்டினாள். அறிவழகன் பதிலுக்குக் கையைத் தூக்கினான். பஸ் ஸ்டாண்டே பார்த்துக்கொண்டிருக்க அவனுக்கு அழுகை வந்தது, துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றாமல் நின்றான்.